பூச்சித் தலையின் பளபளப்பு

பதினோரு மணி நேரமாக மாரிசெல்வி அந்த ஸ்டூலில் இருந்தாள். நடுவில் சாப்பிட எழுந்ததைக் கணக்கில் சேர்க்க முடியாது. அங்கேயும் உட்கார்ந்துதானே சாப்பிட்டாள். இடுப்புக்குக் கீழே இருந்ததெல்லாம் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. எதிரே சின்ன வைஸ் ஒன்று அரிசி நீளத்துக்கு ஒரு தூண்டில் முள்ளைக் கவ்விக்கொண்டிருந்தது. அதன்மேல் முயல் மயிரைச் சுற்றி, செப்புக் கம்பியால் இறுக்கி, நூலைக் கட்டி, தலையில் ஒரு சொட்டு ரெசின் விட்டு, நீல லைட்டைக் காட்டினால் ரெசின் இறுகும். ஒரு பூச்சி முடிந்தது. அடுத்தது.

பென்னலூருக்குப் பின்னால், கார் பாகங்கள் செய்யும் இரண்டு பெரிய கம்பெனிகளுக்கு நடுவே ஒடுங்கி நின்றது அந்த ஷெட். குளிர் நாடுகளில் டிரவுட் என்றொரு மீனைப் பிடிக்கிறவர்கள் புழுவைக் கோப்பதில்லை. இப்படி மயிரும் இறகும் கட்டிய பொய்ப் பூச்சியைத்தான் ஓடையில் வீசுவார்கள். அந்தப் பூச்சிகள் இங்கிருந்து பெட்டி பெட்டியாகப் போயின. கட்டுகிற பெண்களில் ஒருத்திகூட அந்த மீனைக் கண்ணால் பார்த்ததில்லை.

"செம்பரம்பாக்கத்து ஏரி ஜிலேபி மீனுக்கு ஒரு மண்புழு போதும். இந்த மீனு, சேலைக்கடைக்கு வந்த கல்யாணப் பொண்ணு மாதிரில்லா பாத்துப் பாத்து எடுக்கும் போல," என்பாள் கவியா. சங்கரன்கோவிலிலிருந்து மாரிசெல்வியோடு ஒரே பஸ்ஸில் வந்தவள். ஒரே அறை. பக்கத்து வைஸ்.

இந்த சீசனுக்கு எல்லாமே புதிது. சுழலும் வைஸ் புதிது. முள்ளும் புதிது, முனைக்குப் பின்னால் எதிர்முள் இல்லாதது. மீனைப் பிடித்துப் படம் எடுத்துவிட்டு மறுபடி தண்ணீரில் விட்டுவிடுவார்களாம். கழற்றும்போது அதற்கு வாய் கிழியக் கூடாதாம். ரெசினும் புதிதுதான். முன்பெல்லாம் தலையில் ஊசியால் வார்னிஷ் தொட்டு ஒரு ராத்திரி காயவிட வேண்டும். ரெசின் லைட் பட்டதுமே இறுகிவிடும். ஆனால் மேலே ஒரு பிசுக்கு நிற்கும். அதை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கச் சொன்னார்கள். துணியின் பிசிறு பூச்சியின் மயிரில் ஒட்டியது. பூச்சி ரிஜெக்ட் ஆனது.

பிசுக்கைக் கட்டைவிரல் நுனியால் ஒரு தடவு தடவினால் போதும் என்று கண்டுபிடித்தது மாரிசெல்விதான். தலை கண்ணாடி போலப் பளபளத்தது. சூப்பர்வைசர் சந்திரம்மாள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, லைன் முழுக்க அப்படியே செய்யச் சொன்னாள். அதற்கு ஒரு பெயரும் ஒட்டிக்கொண்டது: மாரி தடவல். வாயே திறக்காத பெண்ணுக்கு அப்படி ஒரு பெயர் கிடைத்ததில் கொஞ்ச நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு விரல் நுனிகள் சிவந்தன. அரித்தன. தோல் உரிந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தூங்கினாள். அரிப்பு நின்றபோது நல்லதுக்கு என்றுதான் நினைத்தாள். அரிப்போடு மற்றதும் போயிருந்தது. டம்ளரின் சூடு தெரியவில்லை. சீப்பின் பல் தெரியவில்லை. நுனிகளின் மேல் யாரோ காகிதம் ஒட்டிவிட்டாற்போல இருந்தது.

வேதியியல் படித்தவள். ரெசின் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தபோது, அக்ரிலேட் என்ற சொல்லைக் கல்லூரியில் எங்கே கேட்டோம் என்பது நினைவுக்கு வந்தது. இறுகாத பிசுக்கு தோலில் படக் கூடாது, கையுறை வேண்டும். கையுறை ஸ்டோரில் இருக்கத்தான் செய்தது. போட்டால் நூலின் இழுப்பு தெரியாது. இழுப்பு தெரியாவிட்டால் நூல் அறுந்துபோகும். அதனால் யாரும் போடுவதில்லை.

இப்போது அவளுக்குக் கையுறை இல்லாமலே இழுப்பு தெரியவில்லை. நூலை நடுவிரலின் இரண்டாம் கணுவில் ஓடவிட்டுக் கட்டினாள். அங்கே இன்னும் உயிர் இருந்தது. காலையில் சுடிதாரின் பின் ஊக்கை மாட்டக் கவியாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. சோம்பேறி என்று கவியா திட்டினாள். சோம்பேறியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று மாரிசெல்வி விட்டுவிட்டாள். போன மாதம் இதே லைனில் இருந்த பேச்சியம்மாள் விரல் கொப்பளத்தை ஆபீஸில் காட்டினாள். வீட்டில் இருந்து ஆற்றிக்கொண்டு வாம்மா என்று அன்பாகத்தான் சொன்னார்கள். ஆற்றிக்கொண்டு வந்தபோது கேட்டில் அவள் கார்டு வேலை செய்யவில்லை.

டீ வண்டி போனபிறகு சந்திரம்மாள் வந்தாள். பென்னலூர்க்காரி. முட்டிவலி. மேசை மேசையாகப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். புதிதாகப் பத்துப் பெண்கள் ஹாஸ்டலுக்கு வந்திருப்பதாகவும், இன்றைக்கு அவர்களுக்கு இரண்டு பூச்சி கட்டிக் காட்டினால் போதும், நாளையிலிருந்து மாரிசெல்விதான் டிரெய்னர் என்றும் சொன்னாள். மேனேஜர் திருமலையிடம் பேசி முடித்தாகிவிட்டது.

"ஜெனரல் ஷிப்ட்மா. ஓவர்டைம் கெடையாது. பொழுதோட வூட்டுக்குப் போய்க்கினே இருக்கலாம். அந்தப் பொண்ணு வாயே தொறக்காதேன்னாரு சாரு. அது கை பேசும் சார்னு சொல்லி வச்சிகீறேன். என் மானத்த வாங்கிடாத."

மாரிசெல்விக்கு முதலில் தோன்றியது தூக்கம்தான். காலை நீட்டிப் படுத்து, அலாரம் இல்லாமல் தூங்கும் தூக்கம். அடுத்துத் தோன்றியது, டிரெய்னர் என்றால் நாள் முழுக்கக் கட்ட வேண்டியதில்லை, காட்டினால் போதும் என்பது. விரல் செத்தது யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இந்த ஷெட்டில் கிடையாது.

கவியா முழங்கையால் இடித்தாள். "போடி, டீச்சரம்மா. நாளைலருந்து ஒனக்கு எந்திரிச்சி வணக்கம் சொல்லணுமாக்கும்."

சொல்லிக்கொண்டே அவள் தன் கட்டைவிரலைத் துப்பட்டாவில் வைத்துத் தேய்த்தாள். அரிப்பு உள்ளவர்கள் தேய்ப்பது போல, அழுத்தி, நிறுத்தாமல். மாரிசெல்வி அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல எழுந்து போனாள்.

பயிற்சி மேசையைச் சுற்றிப் பத்துப் பேரும் நின்றார்கள். முன்னால் நின்றவள் சந்தனமாரி, கடையநல்லூர்ப் பக்கம். ஊர்க் கோயில் கொடைக்கு வைத்த மருதாணி அவள் விரல் நுனிகளில் இன்னும் போகவில்லை. மாரிசெல்வி நிமிராமல் கட்டினாள். சொட்டு, லைட், தடவல். தலை பளபளத்தது. பெண்கள் குனிந்து பார்த்துவிட்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற சந்திரம்மாள், எப்படி என்பதுபோலப் பக்கத்தில் நின்ற திருமலையைப் பார்த்தாள்.

இரண்டாவது பூச்சிக்கு முள் எடுக்க மாரிசெல்வி டப்பாவுக்குள் விரலை விட்டாள். முயல் மயிரை ஒழுங்காக வாரிவிடக் கூடாது, கலைந்திருந்தால்தான் தண்ணீருக்குள் பூச்சிக்குக் கால் இருப்பதுபோலத் தெரியும் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே முள்ளை வைஸில் மாட்டி, மயிரைச் சுற்றினாள்.

"அக்கா," என்றாள் சந்தனமாரி. "ஒங்க கையில முள்ளு குத்திருக்கு."

மாரிசெல்வி பார்த்தாள். டப்பாவிலிருந்து கூடவே வந்த இன்னொரு முள், கட்டைவிரல் சதைக்குள் வளைவுவரை இறங்கி நின்றது. சுற்றிய முயல் மயிரில் ரத்தம் ஊறியிருந்தது.

சந்திரம்மாள் முட்டியை மறந்து வேகமாக வந்தாள். கையைப் பிடித்து முள்ளை இழுத்தாள். புது முள் அல்லவா, வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மாரிசெல்வி முகம் சுளிக்கவில்லை. அதைச் சந்திரம்மாள் கவனித்தாள். விரலைத் திருப்பி, வெளுத்து ரேகை அழிந்த நுனியைக் கவனித்தாள். பிறகு பெண்கள் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"பாத்துக்கினீங்களா? வேல செஞ்சி செஞ்சி காப்பு காச்சுப்போன கை. முள்ளு குத்துனாகூட தெரியல. நீங்களும் இப்டி ஆவணும்."

பெண்கள் சிரித்தார்கள். திருமலையும் சிரித்தார். சந்திரம்மாள் மட்டும் பிடித்த கையை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாள். அந்த அழுத்தம் மாரிசெல்விக்குக் கணுவுக்கு மேலேதான் தெரிந்தது. உன் நல்லதுக்குத்தான், பேசாமல் இரு என்று அர்த்தம். பேசாமல் இருப்பது அவளுக்குப் புதிதில்லை. அதைப்போலச் சுலபமான வேலை அவளுக்கு வேறு எதுவும் கிடையாது.

அடுத்துச் சந்தனமாரியை உட்காரச் சொன்னார்கள். சுற்று கோணலாக வந்தது. நூல் ஒருமுறை அறுந்தது. எப்படியோ முடித்து ரெசின் விட்டாள். லைட்டைக் காட்டினாள். எல்லோரும் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தோடு, மருதாணி சிவந்த கட்டைவிரலை நீட்டினாள்.

மாரிசெல்வி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தடவாத," என்றாள். அவ்வளவு சின்னக் குரல். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவே இல்லை.

"இன்னா மாரி," என்றாள் சந்திரம்மாள், அடக்கிய குரலில்.

லைனில் கவியா நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் இன்னும் துப்பட்டாவுக்குள்தான் இருந்தது. மாரிசெல்வி பிடித்த மணிக்கட்டை விடவில்லை.

"காப்பு இல்லக்கா," என்றாள், இந்தமுறை லைனுக்கும் கேட்கும்படி. "அந்தப் பிசுக்குதான். எனக்கு விரல்ல உணர்ச்சியே கெடையாது. நாலு மாசமாச்சு."