முட்டுக் கொடுத்த கழுத்து

பியானோ, ஆர்கன், ஹார்ப்சிகார்ட், கட்டை அமுக்கும் எந்த வாத்தியத்தின் முன்னால் உட்காரவைத்தாலும் வாசிப்பாள். யாருக்காவது காய்ச்சல் என்றால் குச்சி பிடித்து ஆர்கெஸ்ட்ராவையும் நடத்துவாள். 'எல்லாம் வரும்' என்று பெயர் எடுத்ததுதான் அவள் செய்த பாவம். எல்லாம் வருகிறவளுக்கு எதையும் நிரந்தரமாகக் கொடுக்க வேண்டியதில்லை என்று கமிட்டி முடிவு கட்டிவிட்டது.

நடத்துகிறவர் இடம் காலியானபோது அவளுக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். கமிட்டியோ எங்கிருந்தோ ஒரு கோட்டுக்காரரைக் கூட்டிவந்தது. இன்றைய கச்சேரியில் அவர் தேறினால் இடம் அவருக்கு; சொதப்பினால் அவளுக்கு.

ஒத்திகையிலேயே குட்டு உடைந்தது. தாளம் மாறும் இடத்தில் அவர் கை தடுமாறும். உடனே வாசிப்பவர்கள் அவர் குச்சியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஹார்ப்சிகார்டில் இருக்கும் அவள் தலையைப் பார்ப்பார்கள். அவள் ஒரு அசைப்பு அசைத்தால் அத்தனை பேரும் சேர்ந்து இறங்குவார்கள். இதுவரை எந்த மேதை வந்து தடுமாறினாலும் முட்டுக் கொடுத்தது இந்தக் கழுத்துதான். கோட்டுக்காரரோ, "இந்த மேடையே சரியில்ல, எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓபோ என்ற ஊதுகுழல் வாசிக்கும் நாத்தனாரிடம் சொன்னாள்: "இன்னிக்கு நான் அசைய மாட்டேன். எழுதினத வாசிப்பேன், அவ்வளவுதான். விழுறவன் விழட்டும்."

"விழுந்தா நாங்களும்தானே அண்ணி விழுவோம்?"

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு மேடைக்கு நடந்தாள்.

கச்சேரியில் தாளம் மாறும் அந்த இடம் வந்தது. குச்சி காற்றில் தடவிக்கொண்டிருந்தது. வயலின்கள் ஒரு பக்கம் போயின, செல்லோக்கள் ஒரு பக்கம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டைகளையே பார்த்தாள். நிமிர்ந்ததுதான் தப்பு. தனியாக வாசிக்க வேண்டிய நாத்தனார், மூச்சை இழுத்துவைத்துக்கொண்டு, எப்போது நுழைவதென்று தெரியாமல், முகம் சிவந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை தானாக அசைந்தது. ஓபோ நுழைந்தது, மற்றவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் கமிட்டித் தலைவர் வந்தார். "அவர் கையில ஆர்கெஸ்ட்ரா எப்படி ஒண்ணா போச்சு பாத்தீங்களா! அவரையே போட்டுட்டோம். நீங்க பக்கத்துல இருந்தா அவருக்கும் பலம்."

யாரோ பெற்ற பிள்ளைக்கு யாரோ பேர் வைக்கிறார்கள். அவளுக்குக் கோபம் பொங்கியது. பாதி கோட்டுக்காரர் மேல், பாதி தன் கழுத்தின் மேல்.

உடை மாற்றும் அறையில் நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டும் தலையாட்டலேன்னா என் மானமே போயிருக்கும் அண்ணி."

"போயிருக்கணும்டி" என்று அவள் கையை உதறினாள்.