கட்டிக்குச் சுண்ணாம்பு

ராஜபாண்டிக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர் வேலை. மிச்ச நேரத்தில் வைத்தியம், சட்டம், வானிலை எல்லாம் அவன் பொறுப்பு. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அவனைக் கட்டிக்கொண்டு வந்த சித்ராதேவி, அதே கம்பெனியில் ஒன்பது வருடமாக ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுகிறாள். அந்த ஒன்பது வருடமும் அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

வலது முழங்காலுக்கு மேலே வீங்கி, பெடலை மிதிக்க முடியாமல் அவள் நொண்டியபோது, "வாயு" என்றான். மூன்று மாதம் அது வாயுவாகவே இருந்தது. கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, எலும்பிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்கள்.

"கேன்சர் இல்லீங்க, பயப்படாதீங்க" என்றார் டாக்டர் மாதவன். "சாதாக் கட்டிதான். ஆனா எலும்பை அரிச்சுட்டே போகுது, மூட்டுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்குது. இப்பவே ஆபரேசன்னா மூட்டையே எடுத்துட்டு உலோக மூட்டு வெக்க வேண்டி வந்துருமுங்க. அதனால முதல்ல மருந்து. தோலுக்கடியில ஒரு ஊசி. ஆரம்பத்துல வாராவாரம் மூணு, அப்புறம் மாசம் ஒண்ணு. அரிக்கறது நின்னு, சுத்தியும் எலும்பு ஓடு கட்டிக்கும். பொறகு சுரண்டி எடுத்தாப் போதும். உங்க மூட்டு உங்களுக்கே இருக்குமுங்க."

சித்ராதேவிக்கு முப்பத்திரண்டு வயது. கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. வேறெதுவும் அவளுக்கு வேண்டாம்.

"இன்னொண்ணுங்க. இந்த ஊசி ரத்தத்துல சுண்ணாம்புச் சத்தைக் குறைச்சுரும். அதனால சுண்ணாம்புச் சத்து மாத்திரை தினம் ரெண்டு வேளை. தவறவே கூடாதுங்க."

ராஜபாண்டி பலமாகத் தலையாட்டினான். அவன் காதில் விழுந்தது இரண்டே வார்த்தை: கட்டி, சுண்ணாம்பு.

பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பித்துவிட்டான். "கட்டிக்குச் சுண்ணாம்பு! இதச் சொல்லவா கோயம்புத்தூர் வரைக்கும் வரணும்? வேனக்கட்டி வந்தா மேலதான தடவுதோம், தின்னவா செய்யுதோம்? தின்னா கிட்னில கல்லுல்லா வரும்."

"முழுங்கத்தானங்க சொன்னாரு?"

"அவருக்குத் தமிழ் சரியா வராதுட்டி. சொல்ல வந்தது இதான்."

அட்சரம் பிசகாமல் கோவைத் தமிழ் பேசிய மனுஷனுக்குத் தமிழ் வராதாம். மறுநாள் காலையிலிருந்து இரண்டு வேளையும் மாத்திரையை நுணுக்கி, மஞ்சள் சேர்த்துக் குழைத்து, அவள் முழங்காலில் பத்தாகப் பூசினான். ஒரு வேளை தவறவில்லை. அவளும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து காட்டினாள். அதை நினைத்தால் அவளுக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது. அவன் முட்டாள்தனத்தை விடத் தான் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் அவளுக்கு அதிக எரிச்சல்.

மூன்று ஊசி முடிந்தபோது வலி பாதியாகக் குறைந்திருந்தது. ஊசி செய்த வேலைக்கான பெயரை மஞ்சள் பத்து வாங்கிக்கொண்டது. பூசிய காலைப் படம் பிடித்து கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான் ராஜபாண்டி. பேக்கிங் செக்‌ஷனிலிருந்து இரண்டு பேர் இடுப்பு வலிக்குப் பத்து கேட்டு வந்தார்கள். வந்தவர்களுக்கு நாடி பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி.

"நாலாவது ஊசி எதுக்கு? பத்தே போதும்" என்றான் ஒரு நாள்.

அடுத்த வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தையல் லைனில் உட்கார்ந்திருந்த சித்ராதேவிக்கு உதட்டைச் சுற்றி மதமதத்தது. விரல் நுனியெல்லாம் ஊசி குத்துவது போல் சுருக்கென்றது. துணியைப் பிடித்திருந்த விரல்கள் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது. எவ்வளவு முயன்றும் விரிக்க முடியவில்லை.

"ஐயோ கண்ணு, என்ன இப்புடிக் கை கோணிக்குது!" என்று லைன் சூப்பர்வைசர் வேலாத்தாள் ஓடிவந்தாள்.

அயர்ன் டேபிளிலிருந்து பறந்து வந்த ராஜபாண்டி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டான். "வலிப்பு! இரும்பக் குடுங்க, இரும்ப!" என்று கத்தி, தன் பைக் சாவியை எடுத்து விறைத்த விரல்களுக்கிடையே திணித்தான். அவள் வலியில் அலறினாள்.

"ஏனுங்க, சித்த தள்ளுங்க" என்று அவனை ஒதுக்கிவிட்டு, வேலாத்தாள் கம்பெனி வேனை வரவழைத்தாள்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்து, சுண்ணாம்புச் சத்து அடிமட்டத்துக்குப் போயிருப்பதைக் கண்டு, நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றினார்கள். விரல்கள் மெல்லப் பிரிந்தன.

"மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்றார் டாக்டர் மாதவன்.

"ஒரு வேளை தவறல சார், என் கையாலதான்" என்றான் ராஜபாண்டி.

"முழங்கால்ல பூசுனாரு" என்றாள் சித்ராதேவி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ராஜபாண்டி அசரவில்லை. "அப்ப ஊசிதான சார் காரணம்? சத்தக் குறைக்கும்னு நீங்களே சொன்னீங்க. ஊசிய நிறுத்திருவோம்."

"நிறுத்துனா என்னாகும்?" என்று சித்ராதேவி டாக்டரைப் பார்த்துக் கேட்டாள்.

"திரும்ப அரிக்க ஆரம்பிச்சுருமுங்க." புது எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கட்டியின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. "இதான் உங்க எலும்பு. இப்பத்தான் கட்டுது."

அவள் அந்தக் கோட்டையே பார்த்தாள். "நிறுத்த வேண்டாம் சார். மாத்திரைய எங்கிட்டக் குடுங்க. எத்தனை, எப்பன்னு எங்கிட்டச் சொல்லுங்க."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்று ஆரம்பித்தான் ராஜபாண்டி. டாக்டர் அவள் பக்கமே திரும்பி உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார்.

ஒரு வாரம் மாத்திரையை அவளே எடுத்து விழுங்கினாள். ரத்தத்தில் கால்சியம் சரியான பிறகு நாலாவது ஊசிக்குப் போனாள். ராஜபாண்டியும் பின்னாலேயே வந்தான். நர்ஸ் நோட்டை விரித்து, "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டாள். ராஜபாண்டி ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொண்டையைச் செருமினான்.

"யாருமில்லங்க" என்றாள் சித்ராதேவி.