ஸ்பீக்கரில் வந்தவள்

பம்பு கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அவன் முதுகுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

மோட்டார் ஓடவில்லை என்று திட்டுகிறவர்களிடம் நாள் முழுக்க 'ம்' கொட்டுவது அவன் வேலை. அக்கா அறிமுகப்படுத்திய பெண்ணிடமும், ஒரு காபி ஆறும்வரை அதையே கொட்டிவிட்டு வந்திருந்தான்.

"மத்தியானத்துக்குள்ள ஃபோன் பண்ணிப் பேசுடா. இல்லன்னா வேண்டாம்னு சொல்லிடுவாளாம்," என்றாள் அக்கா அன்று காலை. "அப்புறம் உன் ஆபீஸ் நாற்காலியைத்தான் நீ கட்டிக்கணும்."

அவனுக்கு அவளைப் பிடித்திருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

பேசிக்கொண்டே தட்டச்சு செய்ய வசதியாக, பக்கத்து மேஜைக்காரி போன வாரம் அவன் செல்போனைக் கணினியோடு ப்ளூடூத்தில் இணைத்துவிட்டிருந்தாள். கணினித் திரையில் தெரிந்த அந்தப் பெண்ணின் எண்ணை அழுத்தினான். மணி போவதற்குள் செல்போனை வாரிக்கொண்டு பக்கத்து ஸ்டோர் ரூமுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினான்.

செல்போனில் நொடிகள் ஓடத் தொடங்கின. எடுத்துவிட்டாள். பழுதான பம்புகளுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு பேசினான். கூட்டத்தில் தன் நாக்கு ஒட்டிக்கொள்வதை, அவள் சிரிக்கும்போது பல்லை மறைப்பதை, அன்றைக்கு வீடு திரும்பி விடியவிடியப் புரண்டதை. எதிர்முனையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. என்ன பொறுமை! இவளோடு ஆயுசுக்கும் பேசாமல் இருக்கலாம் என்று தோன்றியது.

நிறைந்த மனசோடு கதவைத் திறந்தான்.

"சிடுமூஞ்சியா?" அவன் மேஜைக் கணினி, அவள் குரலில் கேட்டது.

"சிடுசிடுக்கவாவது வாயைத் திறக்கணுமே," என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

"பொய் சொல்வாரா?"

"அதுக்கும் பேசணும்மா," என்றார் கேஷியர்.

ஸ்பீக்கர் விழுந்து விழுந்து சிரித்தது.

கேஷியர் நிமிர்ந்தார். "வாங்க மாப்பிள்ளை. நீங்க ஃபோனோட உள்ள போயிட்டீங்க, பேச்சு இங்கயே தங்கிடுச்சு. பாவம், அந்தப் பொண்ணு எத்தனை ஹலோதான் சொல்லும்?"

"எங்க போயிட்டீங்க?" என்றாள் அவள்.

"ஸ்டோர் ரூம்ல பேசிட்டிருந்தேன்."

"யார்கிட்ட?"

"உங்ககிட்ட."

ஸ்பீக்கர் அடங்கியது. அவனுக்கு அமைதி பிடிக்கும். இந்த அமைதி பிடிக்கவில்லை.

"என்ன பேசினீங்க?"

கேஷியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்களைப் பிடிச்சிருக்குன்னு."

"அவ்வளவுதானா?"

"மீதி கொஞ்சம் நீளம்."

"உங்க அக்காகிட்ட நானே சரின்னு சொல்லிடறேன். நீங்க மீதியைச் சொல்லுங்க, எனக்கு இப்ப வேலை ஒண்ணும் இல்ல."

அவன் உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கினான். கேஷியர் அடுத்த பிரிவுக்காரர்களையும் கைகாட்டி அழைத்தார்.