சுவிட்சுக்குக் காவல்

மாவு பிசையும் ராட்சதத் தொட்டிக்குள் தங்கை இறங்கினால், வெளியே சுவிட்சுக்குக் காவலாக அக்கா நிற்பாள். ரொட்டி ஆலையில் அதுதான் முறை. சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். உள்ளே போனவள் ஏறி வரும்வரை நகரக் கூடாது. தங்கை இரும்புக் கைகளுக்கு நடுவே குந்தி, காய்ந்த மாவைச் சுரண்டியபடியே ஊர்க்கதை பேசுவாள். அந்த வாய்க்கும் ஒரு பூட்டுப் போடலாம் என்று அக்கா சிரிப்பாள்.

அவர்களுடைய அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டவள். அதனால் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்காக இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள். தங்கைக்கு ஒன்றும் இல்லை. அக்காவின் மரபணுவில் மட்டும் ஒரு மாற்றம் இருந்தது.

"இது நோய் இல்லம்மா. மத்தவங்களவிட உங்களுக்கு மறதி நோய் வர வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். வராமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

"ஒரே வயித்துல பொறந்தோம். பங்கு பிரிக்கும்போது அம்மா சொத்த நீயே வாரிச் சுருட்டிக்கிட்டியே" என்று தங்கை கிண்டலடித்தாள். பிறகு பஸ் வரும்வரை அழுதாள்.

அக்கா அதைத் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். சுவிட்சில் நிற்கிறவள் மறைக்கக் கூடாது என்று நினைத்தாள். அடுத்த பரிசோதனைக்கு லீவு கேட்கப் போன இடத்தில் மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும். இவள் கெட்டது உண்மையைச் சொல்லி.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். சுவிட்ச் பொறுப்பு இனிமே வேணாம். கூட்டிப் பெருக்குங்க, போதும்." அன்று காலையில்தான் ஆலைச் சாவியை வீட்டில் மறந்துவிட்டு வந்து, எல்லோரையும் வாசலில் காக்க வைத்தவர் அவர்.

"எனக்கு இன்னும் ஒண்ணும் வரலையே சார்."

"வர்ற வரைக்கும் காத்திருக்கச் சொல்றீங்களா?"

சம்பளமும் குறைந்தது. சுவிட்சுக்கு அவருடைய மச்சான் வந்தான். ஆள் நல்லவன்தான். செல்போன் அடித்தால் மட்டும் உலகம் மறந்துவிடும்.

ஒரு மதியம் தங்கை தொட்டிக்குள் இருந்தாள். போன் அடித்தது. சுவிட்சில் போட வேண்டிய பூட்டைச் சுவர் ஆணியிலேயே விட்டுவிட்டு அவன் வெளியே போனான். அடுத்த ஷிப்டுக்காரன் ஒருவன் உள்ளே வந்து, ஆளில்லாத சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான்.

"உள்ள ஆள் இருக்கு!"

துடைப்பத்தை எறிந்துவிட்டு ஓடிய அக்கா, சுவிட்சை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை.

சத்தம் கேட்டு மேற்பார்வையாளர் வந்தார். கீழே கிடந்த துடைப்பத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பின்னாலேயே போனை அணைத்தபடி வந்த மச்சானிடம் குரலைத் தாழ்த்தினார்.

"பாத்தியா? தன் வேலை எதுன்னே மறந்துபோச்சு. ஆரம்பிச்சிடுச்சு."

தொட்டிக்குள் சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா நகரவில்லை.