ஓங்கோல் போன வண்டி

வண்டி நின்றுவிட்டது என்பது ஃப்ளோரன்ஸுக்கு முதுகில்தான் தெரிந்தது. திருவொற்றியூர் தாண்டியதுமே பின்பக்கம் போய்ப் புதுக் கட்டிலில் படுத்துப் பார்த்தவள், அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். குலுக்கல் நின்றதும் எழுந்து உட்கார்ந்தாள். பொன்னேரி வந்திருக்கும் என்று ஜன்னல் திரையை விலக்கினாள். கடல் தெரிந்தது. முன்பக்கம் எட்டிப் பார்த்தாள். கண்ணாடி முழுக்க ஒரு கண்டெய்னரின் பின்கதவு தெரிந்தது.

"வந்துட்டமா?"

"வந்துகினே கீறோம்," என்றார் அருள்பிரகாசம். திரும்பிப் பார்க்கவில்லை.

"காலைல கெளம்பசொல்ல கடலு வலது கைப்பக்கம் இருந்துச்சே. இப்ப இன்னாத்துக்கு எடது பக்கம் கீது?"

அவர் ஸ்டியரிங்கைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"எர்ணாவூர்ல டீ குடிக்க நிறுத்துனேன்."

"செரி."

"குடிச்சிட்டு வண்டில ஏறுனேன்."

"செரி."

"ஏறி... திருப்பிட்டேன்."

ஃப்ளோரன்ஸ் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அங்கேயும் ஒரு டிரெய்லர், மூக்கை ஒட்டினாற்போல நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் எண்ண முடியவில்லை.

விஷயம் இதுதான். அருள்பிரகாசம் முப்பத்திரண்டு வருஷம் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். அந்த முப்பத்திரண்டு வருஷமும் எர்ணாவூரில் அந்த ஒரே கடையில் டீ குடிப்பார், ஏறுவார், வண்டியைத் திருப்புவார், துறைமுகத்துக்குப் போகிற வரிசையில் கொண்டுபோய்ச் செருகுவார். அவர் ரிடையர் ஆகி எட்டு மாதம் ஆகிறது. கைகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

"அப்ப இது துறைமுகத்துக்குப் போற லைனா?"

"ஆமா."

"நாம ஓங்கோலுக்குத்தானே போறோம்?"

"ஆமா."

"லைனு போயி எங்க முடியும்?"

"கேட்டுல."

"கேட்டு எங்க கீது?"

அவர் மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார். "ராயபுரத்துல. நம்ம தெரு முனைக்கு நேரா."

ஃப்ளோரன்ஸ் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம். புருஷன் தினமும் வண்டி ஓட்டினார், அவள் தினமும் வீட்டில் இருந்தாள். ஒரே ஒரு ராத்திரி, தன்னைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத ஊரில் தூங்கி எழ வேண்டும் என்பது அவள் ஆசை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே போய்விட்டது. ரிடையர் ஆன பிறகு அருள்பிரகாசம் ஒரு பழைய ஸ்கூல் வேனை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டு, கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, திரைச்சீலை எல்லாம் வைத்துக் கேரவன் ஆக்கினார். காலையில் ஃபாதர் வந்து வண்டியை மந்திரித்துக் கொடுத்தார். தெருவே நின்று கையசைத்தது. எதிர்வீட்டில் இருக்கும் நாத்தனார் கிறிஸ்டினா மட்டும் கையசைக்கவில்லை.

"எழுதி வச்சிக்கோ," என்றாள் தெருவுக்கே கேட்கிற குரலில். "நீங்க ரெண்டு பேரும் எண்ணூரத் தாண்ட மாட்டீங்க. சாயங்காலம் தோசைக்கு மாவு எடுத்து வைக்கிறேன்."

அந்த மாவுதான் ஃப்ளோரன்ஸின் கண்ணில் வந்து நின்றது.

"திருப்புய்யா."

"எப்பிடிமே திருப்புறது? இந்தப் பக்கம் கல்லு, அந்தப் பக்கம் டிவைடரு. முன்னாடி அவன், பின்னாடி இவன். தூக்கினு போனாத்தான் உண்டு."

முன்னால் இருந்த டிரெய்லரிலிருந்து ஒருவன் இறங்கி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். ரகுபதி என்று பெயர். கையில் சாக்பீஸ் இருந்தது. வரிசை குலையாமல் இருக்க டிரைவர்களே நம்பர் போட்டுக்கொள்வது வழக்கம்.

"இன்னா மாமு, கண்டெய்னரு இருபது அடியா, நாப்பது அடியா?"

"பதினாலு அடி."

"லோடு இன்னா?"

"எங்க வூட்டம்மா."

ரகுபதி உள்ளே எட்டிப் பார்த்தான். ஃப்ளோரன்ஸ் முறைத்தாள்.

"எக்ஸ்போர்ட்டா?"

"ஓங்கோல்."

ரகுபதி யோசித்தான். கடல்வழியாக ஓங்கோலுக்கு எப்படிப் போவது என்று அவன் யோசித்திருக்கலாம். பிறகு, தனக்கெதற்கு வம்பு என்று வண்டியின் நெற்றியில் 417 என்று எழுதிவிட்டுப் போனான். அருள்பிரகாசம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அந்த நம்பரைப் படித்தார். அவர் முகத்தில் ஒரு களை வந்ததை ஃப்ளோரன்ஸ் பார்த்தாள். அவளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

எட்டரைக்குக் கிறிஸ்டினா போன் செய்தாள்.

"எங்க கீறீங்க?"

எர்ணாவூர் என்று சொல்ல ஃப்ளோரன்ஸ் வாயைத் திறந்தாள். "பொன்னேரி, அண்ணி," என்று வந்தது.

"பரவால்லியே! காத்தா கீதா?"

"நல்லா காத்து."

அதற்குள் வண்டி வடக்கே ஓர் அடிகூடப் போகவில்லை. தெற்கே முப்பதடி போயிருந்தது.

பத்து மணிக்கு பதுருன்னிசா ஸ்கூட்டரில் டீ கேனோடு வந்தாள். அந்த வரிசையில் நிற்கிற எல்லா டிரைவருக்கும் அவள்தான் டீ. கேரவன் ஜன்னலில் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் பிரேக் போட்டாள்.

"நைனா! ரிடயர் ஆயிட்டேன்னு சொல்லி எனக்கு லட்டு குடுத்தியே?"

"ஆயிட்டேன்மா."

"பின்ன?"

"டூரு போறோம்."

பதுருன்னிசா முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். எட்டு கிலோமீட்டருக்கு லாரி. "நல்ல எடமாத்தான் புடிச்சிகிற," என்றாள். பிறகு ஃப்ளோரன்ஸிடம், "யக்கா, உள்ள அடுப்பு கீதா? பாலு ஆறிப்போச்சு. ஒரு தபா சுட வச்சிக் குடு," என்று கேனை உள்ளே தூக்கி வைத்தாள்.

இப்படியாக ஓங்கோல் போகிற கேரவனில் முதன்முதலாகச் சூடேறியது, துறைமுக வரிசைக்கான டீ. பால் வாசனைக்கு நாலு டிரைவர்கள் வந்தார்கள். ஒருவன் உப்புமா கிடைக்குமா என்று கேட்டான். இன்னொருவன் கட்டிலில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்து, "ஸ்பிரிங் நல்லா கீது," என்று சர்டிபிகேட் கொடுத்தான்.

பதினொன்றே காலுக்குத் தடா. ஒரு மணிக்கு சூலூர்பேட்டை. ஒவ்வொரு போனுக்கும் ஃப்ளோரன்ஸ் ஆந்திராவுக்குள் நன்றாக முன்னேறினாள். ஒவ்வொரு போனுக்கும் வண்டி ராயபுரத்துக்கு அரை கிலோமீட்டர் கிட்டே வந்தது.

"சூலூர்பேட்டைல இன்னா சாப்ட்டீங்க?"

"பெசரட்டு," என்றாள் ஃப்ளோரன்ஸ், மடியிலிருந்த தக்காளிச் சோற்றைப் பார்த்தபடி.

"அவன் எப்பிடி ஓட்டுறான்?"

"நிதானமா ஓட்டுறாரு, அண்ணி. ரொம்ப நிதானம்."

இரண்டு மணிக்கு, திருவொற்றியூர் அருகே, டிவைடரில் ஓர் இடைவெளி வந்தது. போலீஸ் ஜீப் திரும்புவதற்காக விட்ட இடம். கேரவன் அதற்கு நேர் எதிரே நின்றது. அந்தப் பக்கம் ரோடு காலியாக, வடக்கே பார்த்துக் கிடந்தது. ஃப்ளோரன்ஸ் எழுந்து நின்றாள்.

"மாதாவே! திருப்பு, திருப்பு! இப்பவே அடிச்சா ஏழு மணிக்கு நெல்லூராவது போய்ச் சேரலாம்."

அருள்பிரகாசத்தின் கை கியர் மேல் இருந்தது. அசையவில்லை.

"முன்னாடி இன்னும் எரநூத்தி எம்பது வண்டிதாம்மே."

"அதனால?"

"முப்பத்திரண்டு வருசத்துல நான் ஒரு தபாகூட லைன வுட்டு வெளிய வந்ததில்ல."

"உள்ள போயி இன்னாய்யா எறக்கப் போற? என்னியா?"

"நானூத்திப் பதினேழுலேருந்து வந்துகிறோம்," என்றார் அவர். அதற்குள் ரகுபதியின் டிரெய்லர் நகர்ந்தது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். அருள்பிரகாசத்தின் கால் தானாக கிளட்சை விட்டது. வண்டி முன்னே போனது. இடைவெளி பின்னே போனது.

ஃப்ளோரன்ஸ் பின்னால் போய், குறுக்குத் திரையை இழுத்துவிட்டாள். திரைக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"மெட்ராஸ்ல மூணு கிலோமீட்டர் போறதுக்கு ஏழு மணி நேரம். இதுக்கு நடந்தே ஓங்கோல் போயிருப்பேன்."

"கோச்சிக்காதமே."

"நான் ஒண்ணும் கோச்சிக்கல. எறங்க எடம் வந்தா எறங்கி வூட்டுக்குப் போறேன். மாவு எடுத்து வச்சிருக்காங்க இல்ல."

அப்போதுதான் அருள்பிரகாசத்துக்கு உறைத்தது. கண்ணாடியில் திரையைப் பார்த்தார். இப்போது திருப்பிவிடலாம் என்று வலது பக்கம் பார்த்தார். டிவைடர் மதில்போல ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு இடைவெளியே வரவில்லை.

நாலு மணிக்கு நெல்லூர். ஐந்தேமுக்காலுக்குக் காசிமேடு. அதாவது போனில் ஓங்கோல், ஜன்னலில் காசிமேடு. மாலை மீன் ஏலம் முடிந்து ரோட்டோரம் கூடைகள் இறங்கியிருந்தன. திரை இடுக்கில் பார்த்த ஃப்ளோரன்ஸ் சட்டென்று பின்வாங்கினாள். ஒரு கூடைக்காரியிடம், கையில் மஞ்சப்பையோடு, சாட்சாத் கிறிஸ்டினா பேரம் பேசிக்கொண்டிருந்தாள். பேரம் முடிந்ததும் போனை எடுத்தாள்.

ஃப்ளோரன்ஸின் போன் அடித்தது. அவள் கட்டிலுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டு எடுத்தாள்.

"எங்க கீறீங்க?"

"ஓங்கோல் வந்துட்டோம், அண்ணி," என்றாள் கிசுகிசுப்பாக.

"இன்னாத்துக்குக் குசுகுசுன்ற?"

"இங்க எல்லாரும் இப்பிடித்தான் பேசுறாங்க."

அந்த நேரம் பார்த்து ரகுபதி ஹாரன் அடித்தான். சாதாரண ஹாரன் அல்ல, சினிமாப் பாட்டு வருகிற ஹாரன். ரோட்டிலும் அடித்தது, போனிலும் அடித்தது. கிறிஸ்டினா பேச்சை நிறுத்தினாள். மெல்லத் திரும்பினாள். பழைய ஸ்கூல் வேனை, அதன் நெற்றியில் 417 என்ற நம்பரை, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கும் தன் தம்பியைப் பார்த்தாள்.

காலடிச் சத்தம் கிட்டே வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றது. ஃப்ளோரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது. இனித் தோசைதான்.

போனில் கிறிஸ்டினாவின் குரல் வந்தது. ஜன்னலுக்கு வெளியேயும் வந்தது.

"ஓங்கோல்ல வஞ்சரம் கெடைக்குதா?"

ஃப்ளோரன்ஸ் கண்ணைத் திறந்தாள். "தெரில, அண்ணி."

"கெடைக்காது. உனக்கு வஞ்சரம் இல்லாம சோறு எறங்காதே." திரை அசைந்தது. மஞ்சப்பை ஒன்று உள்ளே வந்து கட்டிலில் விழுந்தது. "இன்னா பண்றது, அவ்ளோ தொலைவுல கீறீங்க."

"அண்ணி..."

"எனக்கு இங்கேருந்து ஒண்ணும் தெரில. கண்ணு வேற செரியில்ல. ராத்திரி கதவ நல்லா தாப்பா போட்டுக்கோ. தெரியாத ஊரு. அவன்கிட்ட சொல்லு. ஊர சுத்திக் காட்டாம இட்டாந்தான்னா, செருப்பு பிஞ்சிடும்."

போன் நின்றது. காலடி வீட்டுப் பக்கம் போனது.

ஆறரைக்கு கேட். காவலர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

"கண்டெய்னர் எங்க?"

"இல்ல சார்."

"பேப்பர்?"

"இல்ல சார்."

"பின்ன எதுக்குய்யா காலைலேருந்து லைன்ல நின்ன?"

அருள்பிரகாசம் நேர்மையாக யோசித்தார். "பழக்கம் சார்."

காவலர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். உள்ளே விட முடியாது. பின்னால் நானூறு வண்டி நிற்பதால் பின்னாலும் போக முடியாது. பேப்பர் சரியில்லாத வண்டிகளை நிறுத்துவதற்கென்று பக்கத்தில் ஒரு மைதானம் இருந்தது. "அங்க போடு. காலைல ஆறு மணிக்குத்தான் வெளிய வுடுவோம்," என்றார்.

மைதானத்தின் கடைசி மூலையில் நிறுத்தினார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் தெரு. மாதா கோயில் கோபுரமும், பக்கத்தில் அவர்கள் வீட்டு மொட்டைமாடியும், அதில் காலையில் காயப்போட்டு எடுக்க மறந்த போர்வையும் தெரிந்தன.

அருள்பிரகாசம் இறங்கி வந்து திரைக்கு வெளியே நின்றார். பதினொரு மணி நேரத்தில் முதல்முறையாக அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஃப்ளோரா. தப்புதான். அந்த டிவைடரு சந்துல திருப்பியிருக்கணும். வண்டி இங்கியே கெடக்கட்டும். நாம நடந்தே வூட்டுக்குப் போயிடலாம். ரெண்டு நிமிசம். அதோ, தெரியுது பாரு."

திரை விலகியது. ஃப்ளோரன்ஸ் கையில் கழுவிய மீன்.

"எது தெரியுது?"

"நம்ம வூடு..."

"நல்லா பாரு."

அவர் நல்லா பார்த்தார். போர்வை காற்றில் ஆடியது.

"ஒண்ணும் தெரியலமே," என்றார்.

"அப்ப மொளகாத்தூள எடு."

எண்ணெய் காய்ந்து, மீன் வாசனை மைதானம் முழுக்கப் பரவியபோது, பக்கத்து டிரெய்லரிலிருந்து ஒரு டிரைவர் தட்டோடு இறங்கி வந்தான். வண்டி ஆந்திரா வண்டி. முன்பின் பார்த்திராத முகம். அவனுக்குத் தமிழும் தெரியாது, ஃப்ளோரன்ஸையும் தெரியாது. அவள் அவனைப் பார்த்து மனம் நிறையச் சிரித்தாள்.

"ஏ ஊரம்மா மீதி?" என்று தெலுங்கில் ஊரைக் கேட்டான்.

காலையிலிருந்து பழகிய நாக்கு. "ஓங்கோல்," என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது. தட்டைக் கீழே வைத்தான். "மாதி கூடா ஒங்கோலே! ஏ வீதி?" அவனுக்கும் அதே ஊராம்; எந்தத் தெரு என்கிறான்.

ஃப்ளோரன்ஸ் அருள்பிரகாசத்தைப் பார்த்தாள். அருள்பிரகாசம் மிளகாய்த்தூள் டப்பாவைப் பார்த்தார்.

"பெரிய துண்டா எடுத்து வைய்யா," என்றாள் அவள். "நம்ம ஊரு புள்ள."