எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாத கட்டி

முதலில் வலித்தது பின்பக்கம்தான். நாற்காலியில் உட்கார்ந்தால், யாரோ இரண்டு கூழாங்கல்லை வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். எழுந்து பார்ப்பேன். நாற்காலி சுத்தமாக இருக்கும். மறுபடி உட்கார்ந்தால் மறுபடி கல். இரண்டும் என்னுடைய எலும்புகள் என்று புரியச் சில நாட்கள் ஆயின. பிறந்ததிலிருந்து அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் இருந்த சதை மெத்தை எங்களை அறிமுகப்படுத்தவே இல்லை.

நான் எடையைக் குறைக்க நினைக்கவில்லை. பார்ப்பவர்கள் எல்லாம் ரகசியம் கேட்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிஸ்கட் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டில் இருந்தேன். உடைந்த பிஸ்கட்டை எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்பது அங்கே சட்டம். உடையாத பிஸ்கட்டும் என் கை பட்டால் உடையும். ஒருநாள் சூப்பர்வைசரோடு வாய்த்தகராறு முற்றி, தலையில் இருந்த வலைத்தொப்பியைக் கழற்றி மாவு இயந்திரத்தில் போட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு கிடைத்தது தண்ணீர் கேன் போடும் வேலை. லிப்ட் இல்லாத கட்டடங்கள். தோளில் ஒரு கேன், கையில் ஒரு கேன். அவ்வளவுதான் ரகசியம்.

சட்டை தொளதொளத்தது. பிறகு பேன்ட். பிறகு செருப்பு. செருப்பா என்று கேட்காதீர்கள், பாதத்திலும் கொழுப்பு இருக்கிறது. மின்விசிறியைக் குறைக்கச் சொல்லி வாழ்க்கையில் முதல்முறையாகச் சண்டை போட்டேன். ஒரு மத்தியானம் தண்ணீர்க் கம்பெனி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, என் வலது கால் என்னைக் கேட்காமலே எழும்பிப் போய் இடது காலின் மேல் உட்கார்ந்துகொண்டது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் படம் வரையும்போதுகூட என்னால் அப்படி ஒரு மனிதனை உட்கார வைக்க முடிந்ததில்லை.

"என்னடா, முதலாளி நான் நிக்கறேன், நீ கால் மேல கால் போட்டுட்டு இருக்க?"

"நான் போடல முதலாளி. அதுவா போகுது."

"அதுவா போகுதா? இறக்கு."

இறக்கினேன். அவர் திரும்பியதும் மறுபடி ஏறிவிட்டது. அன்று முழுக்க எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. படிகளை இரண்டு இரண்டாக ஏறினேன். காலி கேன்களில் தாளம் தட்டிக்கொண்டே இறங்கினேன். குடித்திருக்கிறேனா என்று ஒரு வீட்டுக்காரர் முகர்ந்து பார்த்தார்.

மூன்றாவது மாடியில் ஒரு கணக்கர் அலுவலகம். அங்கே வாசல் மேஜையில் இருக்கும் பெண், கேனை மாட்டிவிட்டு நான் நிமிரும்போது கேட்டாள்: "நீங்க புது ஆளா? முன்னாடி ஒரு குண்டு அண்ணன் வருவாரே?"

எனக்கு என்ன தோன்றியதோ, "அவன் நின்னுட்டான்" என்றேன்.

"ஐயோ பாவம். எவ்வளவு நல்ல மனுஷன். எப்பவும் சிரிச்ச முகம்."

அது சிரிப்பு இல்லை, மூச்சு வாங்கியதில் வாய் பிளந்திருந்தது. ஆனாலும் படி இறங்கும்போது அந்தக் குண்டன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்குத் தெரியாமல் அவன் நல்ல பெயர் வாங்கி வைத்திருக்கிறான்.

இன்னொன்றும் நடந்தது. இதுதான் முக்கியம். எனக்கு உயிர்மேல் ஆசை வந்துவிட்டது. முன்பெல்லாம் சாலையைக் கடந்தால் வண்டிகள் நிற்கட்டும் என்று நடப்பேன். இடித்தால் வண்டிக்குத்தான் நஷ்டம். இப்போது இரண்டு பக்கமும் பார்த்து, மறுபடி பார்த்து, கிழவனைப் போலக் கடந்தேன். ராத்திரி ஷிப்டில் இருந்தவன் நாளைக்குச் செத்தால் இன்னொருவன் அந்த வலைத்தொப்பியை மாட்டிக்கொள்வான், அவ்வளவுதான். இந்தப் புது ஆளை நான் இப்போதுதான் சந்தித்திருந்தேன். அதற்குள் விட்டுக்கொடுக்க மனமில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கட்டி அகப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை குளிக்கும்போது சோப்பு நெஞ்சின் நடுவே இறங்கி, வயிறு தொடங்கும் இடத்தில் எதன்மேலோ தட்டி நின்றது. விரலை வைத்துப் பார்த்தேன். கெட்டியாக, விரல் நுனி அளவுக்கு, உள்ளிருந்து ஒரு முனை. அழுத்தினால் வலித்தது. போன மாதம் அங்கே எதுவும் இல்லை. சத்தியமாக இல்லை, அங்கே வயிறு இருந்தது.

துண்டோடு வெளியே வந்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா விரலை வைத்தாள். முகம் வெளுத்தது.

எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் பெரிய உடம்பு. அம்மா, அக்கா, நான், செத்துப்போன பெரியம்மா, எல்லோரும். அப்பாவும் அப்படித்தான் இருந்தார், கடைசி மூன்று மாதம் தவிர. அந்த மூன்று மாதத்தில் அவர் எலும்பும் தோலுமாக ஆகி, பிறகு போய்விட்டார். அதனால் எங்கள் வீட்டில் மெலிவது என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். நான் இளைக்கத் தொடங்கியதிலிருந்து அம்மா வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. தட்டில் மட்டும் கூடக் கூட வைத்தாள். இப்போது அவள் பயந்தது அவள் விரலுக்குக் கீழேயே இருந்தது.

"இங்க வாடி" என்று அக்காவைக் கூப்பிட்டாள்.

அக்கா அழுத்திப் பார்த்தாள். "என்னம்மா இது, கல்லு மாதிரி இருக்கு?"

"உனக்கு இருக்கா பாரு."

அக்கா தன் நெஞ்சில் தேடினாள். "இல்லையே."

அம்மாவும் தேடினாள். "எனக்கும் இல்ல. விரல் போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்கு, ஒண்ணும் தட்டல."

"அப்போ இது அதுதான்" என்றாள் அக்கா, அழ ஆரம்பித்து.

"எதுடி? வாயைக் கழுவு!"

நான் ஈரத் துண்டோடு நடுவில் நின்றேன். குளிரில் பல் அடித்துக்கொண்டது. அதைப் பார்த்து அக்கா இன்னும் சத்தமாக அழுதாள்.

அப்போதுதான் அக்காவின் கணவர் உள்ளே வந்தார். மாமாவுக்குச் சாவிக்கடை. ஒரு ஆள் நிற்கும் அகலம்தான் கடை, அவருக்கு அதிலும் இடம் மிச்சம். வீட்டில் அவர் இல்லாதபோது அவருக்குப் பெயர் குச்சி. அந்தப் பெயரை வைத்தவன் நான். அவர் எங்கள் வீட்டுக்கு வந்த இத்தனை வருடங்களில் எந்த முக்கியமான விஷயத்துக்கும் அவரை யாரும் கேட்டதில்லை.

"யாருக்கு என்ன?" என்றார்.

அக்கா விம்மிக்கொண்டே என் நெஞ்சைக் காட்டினாள். மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டு, பூட்டின் துளையைப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார். தொட்டார்.

"இதுவா? இது எனக்கும் இருக்கே" என்று சட்டையைத் தூக்கினார்.

இருந்தது. என்னுடையதைவிடத் துருத்திக்கொண்டு இருந்தது.

அம்மாவும் அக்காவும் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு அக்கா அலறினாள்.

"அம்மா! இவருக்கும் வந்திருச்சு!"

"ஒரே டம்ளர்ல தண்ணி குடிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்!" என்று அம்மா என் முதுகில் ஒரு அடி வைத்தாள். "மாப்பிள்ளைக்கும் ஒட்ட வச்சுட்டியேடா!"

"அத்தை, எனக்கு இது ரொம்ப வருஷமா..."

"ரொம்ப வருஷமா? சொல்லாம மறைச்சுட்டீங்களா?" அக்கா அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் முகத்திலும் மெல்ல பயம் ஏறுவது தெரிந்தது. இரண்டு பெண்கள் சேர்ந்து சொன்னால் மனிதன் எதையும் நம்புவான்.

மறுநாள் காலை நாங்கள் இருவரும் டாக்டர் முன்னால் ஒரே நேரத்தில் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். டாக்டர் அம்மாவின் வயதுப் பெண். முந்தின நோயாளியிடம் பட்ட எரிச்சல் இன்னும் முகத்தில் இருந்தது.

"எத்தனை நாளா இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"நேத்துல இருந்து."

அழுத்தினார். "இல்ல. பொறந்ததுல இருந்து இருக்கு. இது நெஞ்செலும்போட வால். இத்தனை நாள் மேல ஒரு வயிறு படுத்திருந்தது, அதனால உங்களுக்குத் தெரியல." மாமாவிடம் திரும்பினார். "உங்களுக்கு என்ன?"

"எனக்குப் பொறந்ததுல இருந்து இருக்குன்னு தெரியும் டாக்டர். வீட்ல ஒத்துக்கல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று பார்த்தால், அடங்கவில்லை. மூக்கு வழியாக வந்துவிட்டது.

நானும் சிரித்திருப்பேன். ஆனால் அவர் சட்டென்று, "எடை எதனால குறைஞ்சது?" என்று கேட்டார். படிகளைச் சொன்னேன். பிஸ்கட்டைச் சொன்னேன். அப்பாவையும் சொன்னேன். அப்பா என்றதும் அவர் சிரிப்பு நின்றது. "எலும்பு எலும்புதான். ஆனா ரத்தம் கொடுத்துட்டு வெளிய உட்காருங்க. இங்கயே பார்த்துச் சொல்லிடறேன்."

வராந்தாவில் இரும்பு நாற்காலிகள். எனக்குக் கல் குத்தியது. மாமா தன் கைக்குட்டையை மடித்துக் கொடுத்தார். "கீழ போட்டுக்கோ. நான் சினிமாவுக்குப் போனாலும் ரெண்டு கைக்குட்டை கொண்டு போவேன்."

"இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே மாமா."

"யார்கிட்ட சொல்றது? உங்க வீட்ல யாருக்கு இது புரியும்?" கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "உங்க வீட்டுக்கு முதல் தடவை வந்தேன் பாரு, அன்னைக்கு உள்ள நாலு பனியன் போட்டிருந்தேன்."

"நாலா?"

"அப்படியும் நீ கதவைத் திறந்து பார்த்துட்டு உள்ள திரும்பி, 'அம்மா, மாப்பிள்ளை வரல, கொடிக்கம்பம்தான் வந்திருக்கு'ன்ன."

நான் அதைச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன், என் வாய் அப்படி. சிரிப்பு எங்கிருந்தோ கிளம்பியது. அடக்கினேன். வயிறு குலுங்கியது, ஆனால் குலுங்க அங்கே முன்போல ஒன்றும் இல்லை, அதனால் சிரிப்பு நேராக விலாவுக்குப் போய்க் குத்தியது. மாமாவும் ஆரம்பித்துவிட்டார். எதிரே கையில் கட்டோடு இருந்த ஒருவர் எங்களை முறைத்தார். அதற்கும் சிரித்தோம். நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனாள்.

சிரித்து ஓய்ந்தபோது மாமா கேட்டார். "பயமா இருக்கா?"

"இருக்கு."

"தொழிற்சாலைல இருந்தப்போ டாக்டர்னு சொன்னாலே போடான்னு திட்டுவ."

"அப்போ போனா போகட்டும்னு இருந்தேன் மாமா. இப்போ போகக் கூடாது. இப்பதான் கால் மேல கால் போட வருது."

அவர் தன் வலது காலைத் தூக்கி இடது கால் மேல் போட்டுக் காட்டினார். அது மட்டுமா, மேலே போன பாதத்தைக் கீழ்க்கால் பின்னால் கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றி மாட்டினார். கயிறு திரித்த மாதிரி. இது எனக்கு இன்னும் வரவில்லை. நான் முயன்றுகொண்டிருக்கும்போதுதான் கதவு திறந்து டாக்டர் தலையை நீட்டினார்.

"எல்லாம் ஒழுங்கா இருக்கு. வீட்டுக்குப் போங்க. என்ன பண்றீங்க அங்க?"

எழுந்திருக்கப் பார்த்தேன். கால் பின்னிக்கொண்டிருந்தது. கைக்கட்டுக்காரர் மடியில் போய் விழுந்தேன்.

வீட்டில் அம்மா நம்பவில்லை. "எலும்பா? என்ன எலும்பு? நம்ம வீட்ல யாருக்குமே அது கிடையாதே."

"எல்லாருக்கும் இருக்காம் அத்தை" என்றார் மாமா.

"எனக்குமா?"

"உங்களுக்கும்தான். மல்லாக்கப் படுத்து மூச்சை விட்டா கொஞ்சம் தட்டுப்படலாம்."

அக்கா உடனே தரையில் படுத்தாள். அம்மாவும் சுவரைப் பிடித்து, முழங்காலைப் பிடித்து, ஒருவழியாகப் பக்கத்தில் படுத்தாள். மாமா நடுவில் மண்டியிட்டு, வளைந்த சாவியை நிமிர்த்தும் கவனத்தோடு அக்காவின் நெஞ்சுக்குக் கீழே விரலால் துழாவினார். "மூச்சை விடு. இன்னும். இன்னும்."

"ஆ! இருக்கு! இருக்கு, அம்மா! எனக்கு இருக்கு!" அக்கா அந்த இடத்திலேயே கையை வைத்துக்கொண்டு, லாட்டரி விழுந்தவளைப் போலக் கத்தினாள்.

அம்மாவின் பக்கம் மாமா ரொம்ப நேரம் தேடினார்.

"என்ன மாப்பிள்ளை?"

"இருக்கு அத்தை."

"எங்க?"

"உள்ள. பத்திரமா இருக்கு."

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் இன்னும் நம்பியதாகத் தெரியவில்லை. எலும்பு இருக்கட்டும், ரத்தம் இருக்கட்டும், மெலிந்த ஒருத்தரை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். "சரி, தூக்குடா" என்று இரண்டு கையையும் என்னிடம் நீட்டினாள்.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டால் எழுப்புவது எப்போதும் நான்தான். அதற்கு ஒரு முறை உண்டு. அவள் பாதத்தோடு என் பாதத்தை முட்டுக்கொடுத்து, கையைக் கோத்து, நான் அப்படியே பின்னால் சாய்வேன். என் பாரம் கீழே போக, அவள் மேலே வருவாள். இழுக்கவே வேண்டாம். அன்றும் அப்படித்தான் சாய்ந்தேன்.

யாரும் மேலே வரவில்லை. என் கால்தான் தரையை விட்டது. அம்மா சும்மா கையை மடக்கினாள், நான் பட்டம் மாதிரி முன்னால் போய் அவள் மேல் குப்புற விழுந்தேன்.

அக்கா மூச்சை உள்ளே இழுத்தாள்.

அம்மாவின் கை என் முதுகில் வந்து நின்றது. விலா ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு இறங்கியது. கழுத்துக்குப் போனது. அங்கே கொஞ்ச நேரம் இருந்தது.

"சூடா இருக்க" என்றாள். "உங்கப்பா அப்போ சில்லுனு இருப்பார்."

பிறகு அவளுக்குள் எங்கோ ஆழத்தில் ஒன்று குலுங்கியது. முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு. அது வயிற்றுக்கு வந்தது, வயிறு முழுக்கப் பரவியது. அவள் சிரிக்கச் சிரிக்க நான் மேலே போய்க் கீழே வந்தேன், மேலே போய்க் கீழே வந்தேன்.

"இறங்குடா, தடிமாடு" என்றாள்.

நான் இறங்கவில்லை.