களைத்துப்போன பவுடருக்கு எண்ணெய்க் குளியல்

இடது கையை வேதப்புத்தகத்தின் மேல் வைத்துக்கொண்டு வலது கையால் இதை எழுதுகிறேன். ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. கை வலிக்கிறது, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன்.

வடகரைக்கு வெளியே எனக்கு ஒரு சாயப்பட்டறை. தேங்காய் நாருக்குச் சாயமேற்றி, மிதியடி நெய்கிறவர்களுக்கு அனுப்புவது தொழில். சாயத்தண்ணீர் வாய்க்காலில் கலந்ததில், கீழே வயல் வைத்திருக்கும் தில்லைநாயகத்தின் கொக்குகள் எல்லாம் சிவப்பாகிவிட்டன. சிவப்புக் கொக்கைப் பார்க்கப் புளியறை தாண்டிக் கேரளத்திலிருந்து வேன் பிடித்து ஆள் வந்தது. மனுஷன் அப்போதும் திருப்தியில்லாமல் மனு கொடுத்தார். வியாழக்கிழமை மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரி வருவார், தண்ணீரில் நிறம் இருந்தால் பட்டறைக்குச் சீல் என்று சொல்லிவிட்டார்கள். இந்த வயதில் வேறு தொழில் தேட எனக்குத் தெம்பு இல்லை. சண்டை போடவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கத்தான் கொஞ்சம் இருந்தது.

அப்போதுதான் என் தம்பி மகள் சுஜிதா தென்காசியிலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள். வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறவள். அவளுக்கும் தூக்கம் கெட்ட முகம். ஒரு டப்பாவில் நீலமாக ஏதோ பவுடர் கொண்டுவந்திருந்தாள்.

"என்னட்டி இது, சொட்டு நீலமா?"

"கோஆர்டினேஷன் பாலிமர், பெரியப்பா. செம்பு அணுவெல்லாம் தூணு மாதிரி நிக்கும். நடுவுல ஒரு ஆசிட் உத்தரம் மாதிரி அதுகளைக் கோத்துப் பிடிக்கும். உள்ள பூரா ஓட்டை. சாயம் போயி ஒட்டிக்கிடும், தண்ணி மட்டும் வெளிய வந்துரும்."

"சீசன் நேரத்து லாட்ஜுன்னு சொல்லு."

"அதேதான். ரூம் நெறைஞ்சிட்டுன்னா அதுக்கு மேல ஆள் ஏறாது."

பவுடரைத் துணிப்பையில் கட்டித் தொட்டியில் இறக்கினோம். கையிலிருந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் சாயத்தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது. டீயும் பச்சைத்தண்ணீராகிவிட்டது. தொட்டியை எட்டிப்பார்த்த பேராச்சி, பட்டறையில் நார் அலசுகிறவள், சிவப்புச் சேலையின் முந்தானையை உள்ளே விட்டுவிட்டாள். நுனி நனைந்ததுதான் தாமதம், முழுச்சேலையும் வெள்ளை.

"அண்ணாச்சி! எம் புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கான். என்னைய வெள்ளச்சேலையில நிறுத்திட்டியளே!"

புதன்கிழமை காலையில் தண்ணீர் மறுபடி சிவப்பாகவே நின்றது. சுஜிதாவுக்குப் போன் போட்டேன்.

"ரூம் நெறைஞ்சிட்டு, பெரியப்பா. பவுடரும் நம்மள மாதிரிதான், களைச்சுப் போவும். கழுவி எடுத்தியன்னா மறுபடி வேலை செய்யும்."

எதில் கழுவ வேண்டும் என்று கேட்பதற்குள் போன் கட்டாகிவிட்டது. களைத்துப்போனதைக் கழுவுவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு முறைதான் உண்டு. பையைத் தூக்கிக்கொண்டு குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன்.

ஐந்தருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிற மகாராஜா பையை வாங்கி அமுக்கிப் பார்த்தான்.

"ரொம்ப இறுகிக் கெடக்கே, அண்ணாச்சி. இதுல முதுகு எது?"

"தையல் இருக்கிற பக்கம்."

நல்லெண்ணெய் விட்டுத் தட்டி, பிசைந்து, சொடக்கெல்லாம் எடுத்தான். பிறகு என்னைப் பார்த்தான். "நீங்களும் படுங்க. உங்க மூஞ்சி இதைவிட மோசமா இருக்கு."

படுத்தேன். அந்த வருஷத்தில் நான் ஓய்வெடுத்தது அவ்வளவுதான்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்று, என் முறை வந்ததும் பையை அருவிக்குக் கீழே பிடித்தேன். முதலில் ரூம்கள் காலியாயின. அருவி கொஞ்ச நேரம் ரோஜாப்பூ சர்பத்தாக விழுந்தது. கூட்டம் செல்போனைத் தூக்கியது. காலியான ரூம் சும்மா இருக்குமா? அங்கே குளித்துக்கொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேர் தலையிலிருந்தும் டையை இழுத்துக்கொண்டது. அப்படியும் பாதி ரூம் மிச்சம். ஒரு புதுமாப்பிள்ளை தன் மாமனாரைவிட மூத்தவனாகக் கரையேறினான்.

எண்ணெய் பட்டால் ஓட்டையெல்லாம் அடைத்துக்கொள்ளும் என்று சுஜிதா இன்றும் சண்டைக்கு வருகிறாள். அவள் அன்றைக்கு அங்கே இல்லை.

வெளுத்த தலைகளில் ஒன்று பாறையோரம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. மறுநாள் வடகரையில் வேலை இருப்பதால் முந்தின நாளே வந்து ஒரு குளியல் போடுகிறாராம். நம்ம அதிகாரிதான். செல்போனில் தன் மீசையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இனிமே டை அடிக்க வேண்டாம்லா?" என்றார்.

"என்னத்துக்கு? எல்லாம் போயிட்டே."

"வாரா வாரம் அடிச்சு அடிச்சு அலுத்துப் போச்சு, அண்ணாச்சி. வீட்டுல என்ன சொல்லுவாவளோன்னு பயந்தே விடாம அடிச்சேன்." துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பாறையில் சாய்ந்து படுத்துவிட்டார். நானும் எழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை வெள்ளை மீசையோடு பட்டறைக்கு வந்தார். குளித்துவந்த பவுடர் தொட்டியில் கிடந்தது. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். பாட்டில் இருப்பது தெரிந்தது, தண்ணீர் இருப்பது தெரியவில்லை.

"இதுல என்னத்தக் குத்தம் சொல்ல? நல்லா நடத்துங்க," என்று சொல்லி, கையைக் குலுக்கிவிட்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். பேராச்சி அன்றைக்கே சாயம் காய்ச்சுகிற அடுப்பைப் பற்றவைத்தாள்.

இதெல்லாம் நடந்தது ஆடி மாதம். பட்டறைக்குச் சீல் வைத்தது அதற்கு மூன்று மாதம் முன்பே, சித்திரையில்; இன்றுவரை பிரிக்கவில்லை.